பனியன் வேஸ்டில் பாப்பாவுக்குப் போர்வை: எங்கே கோட்டை விடுகிறோம்?

அனுப்பர்பாளையம் என்றால் பாத்திரப் பட்டறைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் சுற்றிலும் இருப்பது பனியன் கம்பெனிகளின் திருப்பூர். கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுகள் 'பனியன் வேஸ்ட்' என்று கிலோ கணக்கில் விலைபோய், பெரும்பாலும் மெஷின் துடைக்கப் பயன்படுகின்றன. அதில் நல்ல துண்டாகப் பொறுக்கினால், கைக்குழந்தைக்கு மெத்தென்று ஒரு போர்வை தைத்துவிடலாம்.

"நாலு துண்டை ஒட்டினா போச்சு" என்று உட்காருபவர்கள், இரண்டாவது வரிசையிலேயே எழுந்துவிடுவதுண்டு. யூடியூபில் பார்க்கும் ஒட்டுப் போர்வைகள் பெரும்பாலும் நெய்த துணியில் தைத்தவை. நம்முடையது பின்னிய துணி, இழுபடும். அதுவும் நெடுக்கைவிடக் குறுக்கில் அதிகம். எனவே எல்லாத் துண்டுக்கும் நெடுக்கு ஒரே திசையில் இருக்க வேண்டும். சிங்கிள் ஜெர்சி ஓரத்தில் சுருண்டு உயிரை வாங்கும். முதல் முறை என்றால் இன்டர்லாக் எடுங்கள்.

வெட்டும் முன் துவைத்துக் காய வையுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு சுருங்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம், பாப்பா வாயில் வைக்கும்.

கணக்கு சுலபம். 17 செ.மீ. சதுரமாக 36 துண்டு. தையலுக்கு எல்லாப் பக்கமும் 1 செ.மீ. போனால், ஆறுக்கு ஆறு வரிசையில் 90 செ.மீ. போர்வை வரும். நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என 92 செ.மீ. அளவில் இரண்டு முழுத் துணி. 180 ஜிஎஸ்எம் துணி என்றால் மொத்தம் அரைக்கிலோதான். பாலியெஸ்டர் பஞ்சு எதற்கு? நம்ம ஊர் வெயிலுக்கு இதுவே ஜாஸ்தி.

பால்பாயின்ட் ஊசி போடுங்கள். சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும். லேசான ஜிக்ஜாக் தையல் போதும். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், மெஷினே தள்ளட்டும். மேல் துணியின் நல்ல பக்கமும் அடித்துணியின் நல்ல பக்கமும் முகம் பார்க்க, நடுத்துணியை அடியில் வைத்து நாலு ஓரமும் தையுங்கள். ஒரு கை நுழைய இடம் விட்டு, தலையணை உறை மாதிரி திருப்பி, அந்த வாயைக் கையால் தைத்து மூடிவிடுங்கள். பிறகு கட்டங்களின் கோட்டின் மேல் ஒரு தையல் ஓட்டினால் மூன்று அடுக்கும் நகராது.

ஒரு விஷயம் முக்கியம். ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் தளர்வான போர்வை கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு. முகத்தை மூடினால் அதற்கு விலக்கத் தெரியாது. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கையில், தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் குழந்தை உடுப்பை மெட்டல் டிடெக்டரில் விட்டுத்தான் அனுப்புவார்கள், உடைந்த ஊசி முனைக்குப் பயந்து. வீட்டில் குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கையில் கிடைக்கும்வரை போர்வை பாப்பாவிடம் போகக் கூடாது. ஃப்ரிட்ஜில் ஒட்டிய காந்தத்தை எடுத்து ஒருமுறை தடவிப் பாருங்கள்.