கணினிக்கு எந்த கன்ட்ரோலர்? லோ யாட் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூரில் கணினிச் சாமான் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாதான். பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர்கள் துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கிள்ளானிலிருந்து வருபவர்கள் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து மாறிக்கொள்ளலாம். சிரமம் கடைக்குள் நுழைந்த பிறகுதான். 50 வெள்ளி கன்ட்ரோலர் பெட்டியும் 500 வெள்ளிப் பெட்டியும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விடுமுறையில் பிள்ளை கேட்டதற்காக வாங்கப் போகும் பெற்றோர் ஒன்று மலிவானதை எடுத்துச் சில மாதங்களில் தூக்கிப் போடுகிறார்கள், அல்லது பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். நாலைந்து விஷயங்கள் தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

முதல் கேள்வி: உண்மையிலேயே தேவையா?

டோட்டா 2, வெலொரன்ட் போன்றவற்றைக் கணினியில் ஆடுபவர்களுக்கு மௌசும் கீபோர்டும்தான் கருவி. உங்கள் வீட்டில் ஆடுவது அவை மட்டுமே என்றால் அந்தப் பணத்தை நல்ல மௌசுக்குக் கொடுங்கள்.

கால்பந்து, கார்ப் பந்தயம், டெக்கன் போன்ற சண்டை விளையாட்டுகள், ஓடித் தாவும் ஆக்‌ஷன் விளையாட்டுகள் ஆகியவற்றுக்குக் கணக்கு வேறு. கீபோர்டு பொத்தானுக்கு அழுத்தியது, அழுத்தாதது என்ற இரண்டே நிலைகள். கன்ட்ரோலரில் சாய்க்கும் ஸ்டிக்கும் அழுத்தும் டிரிகரும் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்த்தோம், எவ்வளவு அழுத்தினோம் என்று அளக்கின்றன. வளைவில் காரைக் கொஞ்சமாகத் திருப்பவும், பாதி வேகம் மட்டும் கொடுக்கவும் அந்த அளவு வேண்டும். மலேசியாவின் மெட்ரோநோமிக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ போல, இசையின் தாளத்துக்கேற்ப ஓடிச் சண்டையிடும் விளையாட்டையும் கன்ட்ரோலரில் ஆடுவதே சுகம்.

அண்ணனும் தங்கையும் ஒரே கணினியில் சேர்ந்து ஆடும் வீடுகளிலும் அது கைகொடுக்கும். 2021இல் வந்த ‘இட் டேக்ஸ் டூ’ இருவர் சேர்ந்தே ஆட வேண்டிய விளையாட்டு. ஒரே கணினியில் ஆட அதற்குக் குறைந்தது ஒரு கன்ட்ரோலர் வேண்டும். இன்னொருவர் கீபோர்டை வைத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எதைக் கணினி உடனே ஏற்கும்?

2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்-இன்புட்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்தது ‘டைரக்ட்-இன்புட்’. இன்றைய கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை எக்ஸ்-இன்புட்டை எதிர்பார்த்தே எழுதப்படுகின்றன. எனவே எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரையோ, பெட்டியில் எக்ஸ்-இன்புட் என்று அச்சிட்ட வேறு நிறுவனக் கன்ட்ரோலரையோ விண்டோஸ் கணினியில் செருகினால் போதும், வேலை முடிந்தது. திரையில் வரும் ஏ, பி, எக்ஸ், ஒய் எழுத்துகளும் கையிலுள்ள பொத்தான்களும் ஒத்துப்போகும்.

வீட்டில் பிளேஸ்டேஷன் இருக்கிறதா? அப்படியானால் புதிதாக எதுவும் வாங்காமலே தொடங்கலாம். 2013இல் வந்த டூயல்ஷாக் 4, 2020இல் வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலர்கள் இரண்டையும் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் அடையாளம் காணும். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய விளையாட்டுகளுக்கு டிஎஸ்4விண்டோஸ் போன்ற உதவி மென்பொருள் தேவைப்படலாம். பல விளையாட்டுகளில் திரை எக்ஸ்பாக்ஸ் எழுத்துகளையே காட்டும் என்பதால் சிறு பிள்ளைகள் தொடக்கத்தில் குழம்புவார்கள். டூயல்சென்ஸின் சிறப்பான, விரலை எதிர்த்து நிற்கும் டிரிகர் கணினியில் சில விளையாட்டுகளில் மட்டுமே வேலை செய்யும். அதற்கும் பெரும்பாலும் கேபிள் செருகியிருக்க வேண்டும். அந்த ஒரு வசதிக்காக மட்டும் அதை வாங்குவது வீண்.

ஆயுளைத் தீர்மானிப்பது ஸ்டிக்

பெட்டியில் பெரிதாகப் போடுவது வண்ண விளக்குகளை. கன்ட்ரோலர் எத்தனை நாள் உழைக்கும் என்பதோ ஸ்டிக்குக்குள் இருக்கும் சின்னச் சென்சாரைப் பொறுத்தது.

வழக்கமான ஸ்டிக்கில் கரிமப் பூச்சின் மேல் ஒரு உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே நகரும். பழைய ரேடியோவின் ஒலிக் குமிழைத் திருகினால் கரகரக்குமே, அதே பாகம், அதே தேய்மானம். தேய்ந்ததும் ஸ்டிக்கைத் தொடாமலே பாத்திரம் தானாக நகரத் தொடங்கும். இதைத்தான் ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். நிண்டெண்டோ ஸ்விட்சின் கன்ட்ரோலர்களில் இது பெரும் புகாராகி, 2020இல் அந்நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்குப் போனது.

இதற்கு மாற்று ‘ஹால் எஃபெக்ட்’ ஸ்டிக். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த காந்த விளைவை வைத்து இது இயங்குகிறது. காந்தம் நகர்வதை சென்சார் தள்ளி நின்றே அளக்கிறது. உரசல் இல்லாததால் அந்த வகைத் தேய்மானமும் இல்லை. சேகா நிறுவனம் 1998இல் வெளியிட்ட டிரீம்காஸ்டின் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. ‘டிஎம்ஆர்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் அதுவும் காந்த வகைதான்.

பெயரைப் பார்த்து வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எக்ஸ்பாக்ஸின் சாதாரண கன்ட்ரோலரிலும் டூயல்சென்ஸிலும் இருப்பது உரசும் ஸ்டிக். 8பிட்டோ, கேம்சர் போன்ற சீன நிறுவனங்களோ அவற்றைவிடக் குறைந்த விலையிலேயே ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கைத் தருகின்றன. விலை கூடினால் ஆயுளும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கேபிளா, ஒயர்லெஸ்ஸா?

மேசைக் கணினியின் முன் அமர்ந்து ஆடுபவருக்குக் கேபிளே போதும். பேட்டரிக் கவலை இல்லை, விலையும் குறைவு. தொலைக்காட்சியில் இணைத்துத் தள்ளி அமர்ந்து ஆட ஒயர்லெஸ் வேண்டும். அதில் இரண்டு வகை. யூஎஸ்பி துளையில் செருகும் குட்டி டோங்கலோடு வருவது பொதுவாக விரைவாகவும் நிலையாகவும் இயங்கும். புளூடூத் வகைக்கு முதலில் உங்கள் கணினியில் புளூடூத் இருக்க வேண்டும். பாகங்களைச் சேர்த்துக் கட்டிய பல மேசைக் கணினிகளில் அது இருப்பதில்லை. டோங்கலை யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் வைத்தால் சில நேரம் சிக்னல் தடுமாறும். இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

விநாடிக்கு 1,000 முறை தகவல் அனுப்பும் என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். 125 முறை அனுப்பும் கன்ட்ரோலரின் இடைவெளியே 8 மில்லிவிநாடிதான். விநாடிக்கு 60 முறை மாறும் திரையில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி ஆகிறது. போட்டிகளில் இறங்காதவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கடையிலேயே சோதியுங்கள்

மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது கடைக்காரரின் கணினியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சிறு பலகை திறக்கும். அதில் ‘பிராப்பர்ட்டீஸ்’ அழுத்தினால் கட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி தெரியும். இடது ஸ்டிக்கை நான்கு பக்கமும் விளிம்புவரை தள்ளுங்கள், குறியும் விளிம்பைத் தொட வேண்டும். கையை எடுங்கள், குறி நடுவுக்குத் திரும்ப வேண்டும். தள்ளி நின்றாலோ நடுங்கினாலோ வேறு பெட்டி கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ் வகையில் இரண்டு டிரிகர்களும் ஒரே பட்டையில்தான் தெரியும். ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் நகர்த்தும். அது கோளாறல்ல. வீட்டில் கன்ட்ரோலரைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும்.

இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குபவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

ரசீது பத்திரம்

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்பைப் பல கடைகளில் பார்க்கிறோம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஓர் அறிவிப்புப் பலகையால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. வாங்கும்போதே குறைபாடு இருந்து, கடை மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். ஆனால் கையில் ரசீது வேண்டும்.

இன்னொன்று: கைகளை முழுமையாக அசைக்க முடியாதவர்களும் விளையாட்டிலிருந்து ஒதுங்கியிருக்கத் தேவையில்லை. 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் இரண்டு பெரிய பொத்தான்கள் உண்டு. ஒவ்வொருவரின் உடல்நிலைக்கு ஏற்ற பொத்தான்களையும் மிதிகளையும் அதன் பின்புறத் துளைகளில் இணைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியிலும் அது இயங்கும்.

முடிவாக: முதல் முறை வாங்கும் குடும்பத்துக்குக் கேபிள் வகை, எக்ஸ்-இன்புட், ஹால் எஃபெக்ட் ஸ்டிக் என்ற மூன்றும் சேர்ந்த கன்ட்ரோலரே சரியான தேர்வு. நூறு வெள்ளி அளவிலேயே அப்படிப்பட்டவை கிடைக்கின்றன. விளக்குக்கும் பெயருக்கும் பணம் கொடுக்காதீர்கள். கடையைவிட்டு வெளியேறும் முன் சோதித்துப் பாருங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.