புகை அடங்கிய பின்

நெருப்பின் தீங்கைச் சொல்லும்போது நம் மொழி புகையையே முன்னிறுத்துகிறது. ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது பழமொழி. புகையாத நெருப்புக்கும் கனல், தணல், கங்கு எனப் பெயர்கள் உண்டு. புகை அடங்கிவிட்டதால் அதனை அச்சமின்றி வீட்டுக்குள் கொண்டுசெல்கிறோம். இவ்வுரை அந்த நம்பிக்கையைப் பற்றியது.

வீட்டுக்குள் கனல் மூட்டிக் குளிர்காய்தல் தமிழர்க்குப் பழைய வழக்கம். நெடுநல்வாடை, வாடைக்காலத்தில் நெருப்பிட்ட கலத்தைத் ‘தடவு’ எனக் குறிக்கிறது. இக்காலத்திலும் கொடைக்கானல் போன்ற மலையூர்களில், அடைத்த அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியோர் இறந்த செய்திகள் வந்துள்ளன.

கெடாவில் குளிர்காயத் தேவையில்லை. எனினும் குழந்தையைக் குளிப்பாட்டியபின் தணலில் சாம்பிராணி இட்டுத் தலை உலர்த்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களின் பழைய பலகை வீடுகளில் சுவரிடுக்கிலும் கூரையோரத்திலும் காற்று புகுந்து வெளியேறியது. இன்று பல குடும்பங்கள் நகரத்துத் தாமான் வீடுகளில் வாழ்கின்றன. சன்னலை அடைத்துக் குளிர்சாதனம் இயக்கும் அறைக்குள்ளும் அதே தணல் வருகிறது. வீடு மாறிற்று, வழக்கம் மாறவில்லை.

கரியோ, சமையல் எரிவாயுவோ, பெட்ரோலோ போதிய உயிர்வளியுடன் முழுமையாக எரிந்தால் கரிவளி உண்டாகும். உயிர்வளி குறைந்தால் கார்பன் மோனாக்சைடு மிகும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முன்னதைக் ‘காபனீரொட்சைட்டு’ என்றும் பின்னதைக் ‘காபனோரொட்சைட்டு’ என்றும் வழங்குகின்றன. ‘ஈர்’, ‘ஓர்’ என்னும் அடைகள் மூலக்கூற்றிலுள்ள உயிர்வளி அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. ஓர் அணுவே வேறுபாடு. ஆனால் அந்த ஓரணு வாயு, குருதியின் ஹீமோகுளோபினை உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. மூச்சு இயங்கும்போதே உடல் உயிர்வளியின்றித் தவிக்கிறது.

இதற்கு நிறமில்லை, மணமுமில்லை. எரிவாயுக் கலனிலிருந்து வரும் நாற்றம், கசிவை அறிவிப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. கசிவின்றி எரியும் அடுப்பிலிருந்தும் இவ்வாயு வரக்கூடும். அப்போது நாற்றம் எச்சரிக்காது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை அறிகுறிகள். காய்ச்சலின் தொடக்கமென்று பலர் எண்ணிவிடுவர். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் இவை தோன்றினாலும், வெளியே சென்றதும் தணிந்தாலும் ஐயுற வேண்டும். உடனே அனைவரும் வெளியேறி 999 எண்ணை அழைக்க வேண்டும்.

தணலை அடைத்த அறைக்குள் வைக்கலாகாது. மின்தடையின்போது ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ முன்கூடத்திலோ இயக்கலாகாது. காரின் இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே உறங்கலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரிவளியைக் கற்பிக்கும் அதே பாடத்தில் இந்த ஓரணு வாயுவையும் பெயர் சொல்லிக் கற்பியுங்கள். கண்ணும் மூக்கும் அறியாத ஒன்றை மாணவர் பெயரால்தான் அறிந்துகொள்ள முடியும். அவர்கள் வழியே அப்பெயர் வீட்டாரையும் சென்றடையும்.