உங்களுக்குத் தெரியுமா? புது மருத்துவ மாணவருக்குத் தேடத் தெரியுமா?

எந்தத் தகவல் தேவை என்று புரிந்துகொண்டு, அதைத் தேடி எடுத்து, நம்பலாமா என்று எடைபோட்டு, சரியாகப் பயன்படுத்தும் திறமைக்குத் தகவல் அறிதிறன் என்று பெயர். 1974-இல் இந்தப் பெயரை வைத்தவர் பால் ஸுர்கோவ்ஸ்கி. அமெரிக்கத் தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத் தலைவராக இருந்தவர்.

★ எம்.பி.பி.எஸ்., நர்சிங், ஃபார்மசி என எதில் சேர்ந்த மாணவரைக் கேட்டாலும், “நெட்டில் தேடத் தெரியுமா?” என்றால் “தெரியும்” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெலிஸா கிராஸ், டான் லேதம் இருவரும் புது மாணவர்களை முதலில் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே கணிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் தேர்வு வைத்தார்கள். தேர்வில் பின்தங்கியவர்கள்தான் தங்களை மிகவும் உயர்த்திக் கணித்திருந்தார்கள். எழுதி முடித்த பிறகும் அவர்கள் எதிர்பார்த்தது, வாங்கியதைவிடக் கூடுதல். ஆகவே சேர்க்கையின்போது படிவம் கொடுத்து “உங்கள் தேடும் திறன் எப்படி?” என்று டிக் அடிக்கச் சொல்வது மதிப்பீடு ஆகாது. செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

★ இப்படிப்பட்ட தேர்வில் கேட்கத் தகுந்த ஒரு கேள்வி. கர்ப்பிணிகளுக்கு வரும் சர்க்கரை நோய் பற்றிக் கட்டுரைகள் வேண்டும். ‘டயாபடீஸ் ஆண்ட் பிரக்னன்ஸி’, ‘டயாபடீஸ் ஆர் பிரக்னன்ஸி’ இரண்டில் எதற்குக் குறைவான கட்டுரைகள் வரும்? விடை, ‘ஆண்ட்’. இரண்டு சொல்லும் இருக்கும் கட்டுரை மட்டுமே அதில் வரும். ‘ஆர்’ போட்டால் ஏதாவது ஒன்று இருந்தாலே வந்து குவிந்துவிடும். இதில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. கடையில் இட்லியும் வடையும் கேட்டால் இரண்டு கிடைக்கும், இட்லி அல்லது வடை என்றால் ஒன்றுதான். தேடலில் அந்தக் கணக்கு தலைகீழ்.

★ மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட், 1997 ஜூன் முதல் எல்லோருக்கும் இலவசம். நாம் ‘ஹார்ட் அட்டாக்’ என்பதை அதன் சொற்பட்டியல் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்பதையும் தேர்வில் கேட்கலாம்.

★ தேடல் அரைகுறையாக நின்றால் உயிர் போகுமா? போயிருக்கிறது. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு தன்னார்வலராகச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை உள்ளிழுத்தார். சில வாரங்களில் நுரையீரல் செயலிழந்து இறந்துபோனார். அந்த மருந்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆனால், ஆய்வாளர் தேடிய பப்மெட்டில் அப்போது 1960-களின் நடுப்பகுதிக்கு முந்தைய கட்டுரைகள் இல்லை. தேடியவர் தேர்ந்த மருத்துவர் என்பதை நினைத்துப் பாருங்கள். “நீ தேடும் தரவுத்தளம் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது?” என்ற கேள்வி இல்லாத தேர்வை மருத்துவ மாணவர்களுக்கான தேர்வாக என்னால் ஏற்க முடியவில்லை.

★ 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள் தரப்பட்ட 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களிடையே புதிதாக அடிமையானவர்கள் நான்கு பேர் மட்டுமே என்றது அது. மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய கணக்கு அது; வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவோரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 2017-இல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, 608 இடங்களில் அந்தக் கடிதம் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் நூற்றுக்கு 72 இடங்களில் ‘அடிமையாவது அபூர்வம்’ என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டியிருந்தார்கள். கணக்கில் வந்தவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதை நூற்றுக்கு 80 இடங்களுக்கு மேல் சொல்லவே இல்லை. ஐந்து வாக்கியத்தைத் திறந்து படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வட அமெரிக்காவில் ஓபியாய்டு பழக்கம் பரவியதில் இந்தக் கடிதத்துக்கும் பங்கு உண்டு என்றே அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

★ அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். இரண்டில் எதை நம்பலாம்? முதலாவது 1930-இல் தோன்றிய, 60,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட குழந்தை மருத்துவர் சங்கம். மற்றது 2002-இல் அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டின் தளங்களையும் காட்டிக் கேட்டபோது, அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் தளத்தையே நம்பினார்கள். தளத்தின் தோற்றம் அவ்வளவு கச்சிதம். செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒருவர்கூடத் தவறவில்லை. அவர்கள் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்காமல், புது டேப் திறந்து, “இவர்கள் யார்?” என்று பிறர் சொல்வதைத் தேடினார்கள்.

★ சாட்பாட்டிடம் மருத்துவக் கட்டுரைப் பட்டியல் கேட்டால், இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடுவது உண்டு. அப்படி ஒரு கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கத் தெரிகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

★ இந்தியாவில் 2019 முதல் எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி ஒன்று உண்டு. கணினித் திறன் அதில் ஒரு பகுதி. அதில் ஒரு மணி நேரத்தைக் கல்லூரி நூலகர் கையில் கொடுத்து, முதல் வாரத்தில் ஒரு தேர்வும் ஆண்டு முடிவில் அதே தேர்வும் வைத்தால், கற்றுக்கொடுத்ததில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கணக்காகத் தெரிந்துவிடும்.