தேய்வைத் தடுக்கும் கரிப்பூச்சு

எம்மூராகிய நூம்பலுக்குச் சற்று வடக்கே, 1964ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உள்ளது. அங்கே ஒரு பட்டறை வாயிலில், கழித்துவிடப்பட்ட எஃகு உறுப்புக்கள் குவிந்து கிடக்கக் கண்டேன். அவற்றுட் பெரும்பாலன முறிந்தவையல்ல; தேய்ந்தவையே. மயிரிழையினும் மெல்லிய தேய்வு அவற்றைப் பயனற்றனவாக்கிவிட்டது. உலகிற் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே கழிகின்றதென ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்னும் அறிஞர் இருவர் 2017இல் கணக்கிட்டனர். இவ்விழப்பைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று கரிப்பூச்சாகும்.

கரியோ இயந்திரத்தைக் காப்பது என ஐயுறலாம். மரத்தின் முற்றிய உள்ளீட்டிற்கும், மணிகளுட் கடியதற்கும் நாம் 'வைரம்' என்னும் ஒரே பெயரை வழங்குகிறோம். அம்மணியும் பென்சிலிலுள்ள கருமையும் கரியணுக்களால் ஆனவையே. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களோடு பிணைந்து நிற்கும்; அதனால் வன்மை உண்டாயிற்று. பென்சிற்கரியில் அணுக்கள் மும்மூன்றாய்ப் பிணைந்து ஏடேடாக அடுக்கப்பட்டுள்ளன. ஏடுகள் எளிதில் வழுக்கும். இவ்விருவகைப் பிணைப்பும் ஒழுங்கின்றி ஒரே படலத்திற் கலந்திருப்பின், அதுவே 'வைரம் போன்ற கரி'. அமெரிக்க அறிஞர் ஐசன்பெர்க்கும் சாபோவும் 1971இல் இதனை ஆக்கி வெளியிட்டனர்.

இதனைப் பூசும் முறை யாதெனின்: காற்றகற்றிய கலத்துள் எஃகுறுப்பை வைத்து, முதலில் ஆர்கன் அயனிகளால் மோதி அதன் முகத்தைத் தூய்மை செய்வர். பின்னர் அசிட்டிலீன் போன்ற வாயுவைச் செலுத்தி, மின்னாற்றலால் அதனைச் சிதைப்பர். கரியயனிகள் விரைந்து மோதிப் படிகின்றன. வெப்பம் 200 பாகைக்கு மேற்போகாமலே இதனைச் செய்யலாம். ஆதலின் எஃகின் பதம் கெடுவதில்லை. படலத்தின் தடிப்பு பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரான் வரையே. உராயும்போது இப்படலத்தின் மேற்புறம் சிறிது பென்சிற்கரியின் இயல்பை எய்தி, எதிர்முகத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் கரியின் மேற் கரி வழுக்குமேயன்றி, இரும்பை இரும்பு அராவுவதில்லை.

எனினும் இடர்கள் உள. வன்மை மிகமிகப் படலத்தினுள் இறுக்கமும் மிகும். அவ்விறுக்கத்தாற் படலம் செதில் செதிலாக உரிந்துவிடும். ஆகவே எஃகிற்கும் கரிக்கும் இடையே குரோமியம் அல்லது சிலிக்கன் போன்றதோர் இடைப்படலம் இடுவர். வெப்பம் ஏறத்தாழ 350 பாகையைக் கடப்பின் வன்மை குன்றத் தொடங்கும். ஹைட்ரஜன் மிகுந்த படலம் உலர்ந்த சூழலில் மிக நன்கு வழுக்கும்; ஈரக்காற்றில் அதன் உராய்வு பன்மடங்காகும். ஹைட்ரஜன் இல்லாத படலமோ ஈரத்தையே விரும்பும். கடற்காற்று வீசும் சென்னையில் இவ்வேறுபாட்டை மறப்பவர் பொருளிழப்பர்.

கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்திலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் வைரம், கரி ஆகியவற்றின் பூச்சுக்கள் ஆராயப்பட்டுள்ளன. சவரத் தகட்டின் விளிம்பிலும், டீசல் எந்திரத்து எரிபொருட் பீச்சியிலும், கணினியின் நினைவுத்தட்டிலும் இப்பூச்சு ஏற்கெனவே பணிபுரிகின்றது.

பூச்சின் சிறப்பு அதன் வன்மையில் மட்டும் இல்லை. அடியிலுள்ள எஃகைப் பற்றி நிற்பதிலும், இயங்கும் சூழலோடு பொருந்துவதிலும் உள்ளது. பற்றில்லாத வன்மை உரிந்து, அவ்வுறுப்பையே அராவும் பொடியாகும். இதனை நன்குணர்ந்து, உறுப்பிற்கும் சூழலுக்கும் ஏற்ற பூச்சைத் தேர்ந்தால், அப்பட்டறை வாயிற் குவியல் சிறிதேனும் குறையும். அதனோடு, தேய்ந்ததையே மீண்டும் மீண்டும் கடைந்து கொண்டிருக்கும் தொழிலாளரது உழைப்பும் வீணாகாது.