இணையவழித் தேர்வும் நேர்மையும்

நுழையும்முன்

கரும்பலகைக்கும் வினாத்தாளுக்கும் பழகிய கல்வியுலகம், கணினித் திரையிலும் திறன்பேசியிலும் தேர்வு நடத்தும் நிலைக்கு வந்துவிட்டது. தேர்வு எழுதுபவர் ஓரிடத்தில் இருக்க, அதை நடத்துபவர் வேறிடத்தில் இருக்கிறார். எழுதுபவர் யார், எவ்வாறு எழுதுகிறார் என்பதை நேரில் காண இயலாத இச்சூழலில் தேர்வின் நம்பகத்தன்மையைக் காப்பது எவ்வாறு? பூட்டும் காவலும் மட்டுமே போதுமா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

தேர்வு எதற்காக?

தேர்வு என்றவுடன் மதிப்பெண்ணே பலருடைய நினைவிற்கு வருகிறது. மாணவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதை அளந்து காட்டும் கருவியாக மட்டுமே அது கருதப்படுகிறது. ஆனால், தேர்வு எழுதுவதும் கற்றலின் ஒரு படிநிலையே என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். அவ்வாய்வில், ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தனர். மற்றொரு குழுவினர் ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, எஞ்சிய மூன்று அமர்வுகளிலும் அப்பகுதியைப் பாராமல் நினைவிற்கு வந்தவற்றை எழுதினர். ஐந்து நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் மீண்டும் படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை மாறிற்று. படிக்க மட்டும் செய்தவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காட்டையும், நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தனர்.

மின்கற்றல் தளங்களில் பாடந்தோறும் குறுந்தேர்வுகள் இடம்பெறுவதன் பயன் இதுவே. விடைகளைப் பிறரிடமிருந்து பெற்று நிரப்பும் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது. நினைவுகூரும் முயற்சியால் உறுதிப்படும் அறிவு கிடைப்பதில்லை. இழப்பு அவரோடு நின்றுவிடுவதும் இல்லை. தாமே முயன்று பத்துக்கு ஆறு பெற்ற மாணவர், படியெடுத்துப் பத்துக்குப் பத்து பெற்றவருக்குப் பின்னால் நிறுத்தப்படுகிறார். வகுப்பினர் அனைவரும் நிறைமதிப்பெண் பெற்றிருப்பதைக் காணும் ஆசிரியர், பாடம் புரிந்துவிட்டது எனக் கருதி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறார். உண்மையில் புரியாமல் நிற்பவரின் குறை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துபோகிறது. எனவே, தேர்வு முறைகேட்டைத் தடுப்பது என்பது தவறு செய்பவரைப் பிடிப்பதற்கான முயற்சி மட்டுமன்று. நேர்மையாக எழுதுபவரைக் காப்பதற்கான முயற்சியும் ஆகும்.

பழைய சிக்கல், புதிய களம்

தேர்வு தோன்றிய காலந்தொட்டே முறைகேடும் அதைத் தடுக்கும் முயற்சியும் இருந்து வருகின்றன. அரசுப் பணியாளர்களைத் தெரிவு செய்யச் சீனப் பேரரசு பல நூற்றாண்டுகள் தேர்வு நடத்தியது. 1905ஆம் ஆண்டில்தான் அம்முறை முடிவுக்கு வந்தது. சொங் அரச மரபின் காலத்தில், விடைத்தாளை எழுதியவர் யார் என்பது திருத்துபவருக்குத் தெரியாதவாறு பெயர் மறைக்கப்பட்டது. கையெழுத்தைக்கொண்டும் ஆளை அறிந்துவிடக்கூடும் என்பதால், விடைகள் அனைத்தும் எழுத்தர்களால் வேறு தாளில் படியெடுக்கப்பட்ட பின்னரே திருத்தப்பட்டன. இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு இடையிலும், மிக நுண்ணிய எழுத்துகளில் பாடங்களை எழுதிய ஆடைகளைப் பிற்காலத்தில் சிலர் பயன்படுத்தினர். அத்தகைய ஆடைகள் இன்றும் எஞ்சியுள்ளன.

இணையவழித் தேர்வில் முறைகேட்டின் வடிவங்கள் மாறியுள்ளன. தேர்வு நடக்கும்போதே மற்றொரு சாளரத்தில் விடையைத் தேடுதல், வினாக்களைப் படம்பிடித்துப் புலனக் குழுவில் பகிர்தல், முதலில் எழுதியவர் பிந்தி எழுதுபவருக்கு விடைகளைச் சொல்லுதல், ஒருவருக்காக மற்றொருவர் எழுதும் ஆள்மாறாட்டம், செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விடை கேட்டு அதை அப்படியே ஒட்டுதல் ஆகியன அவற்றுள் சில.

இவற்றினும் வியப்பூட்டும் முறை ஒன்று உண்டு. ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் நடத்திய 115 இணையவழிப் பாடங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். சிலர் தம் பெயரில் ஒரு கணக்கையும் வேறு பெயரில் மற்றொரு கணக்கையும் தொடங்கியிருந்தனர். இரண்டாவது கணக்கில் ஏதேனும் ஒரு விடையை அளித்துச் சரியான விடையைத் தெரிந்துகொண்டு, அதைத் தம் முதற்கணக்கில் பதிவு செய்தனர். இவ்வாறு பெறப்பட்ட சான்றிதழ்கள் 1,237; இது இம்முறை கண்டறியப்பட்ட பாடங்களின் சான்றிதழ்களில் 1.3 விழுக்காடு. மொத்தத்தில் இது சிறிய அளவே. ஆயினும், இருபதும் அதற்கு மேலும் சான்றிதழ்கள் பெற்றவர்களுள் 25 விழுக்காட்டினர் இம்முறையைப் பயன்படுத்தியிருந்தனர். சான்றிதழைச் சேர்ப்பதே நோக்கமாகும்போது கற்றல் பின்தள்ளப்படுகிறது என்பதை இது உணர்த்துகிறது.

வினா வங்கியும் குடவோலையும்

முறைகேட்டைத் தடுக்கும் முதன்மையான வழி, தேர்வை அமைக்கும் முறையிலேயே உள்ளது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்னும் நிலையை மாற்றுவது அதன் முதற்படி.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். எவ்வோலை வெளிவரும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. இணையவழித் தேர்வின் வினா வங்கியும் இவ்வடிப்படையிலேயே இயங்குகிறது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒத்த கடினத்தன்மையுடைய வினாக்கள் பலவற்றை ஆசிரியர் எழுதிச் சேர்த்து வைக்கிறார். தேர்வின்போது கணினி அவற்றுள் ஒன்றைத் தற்போக்காக எடுத்து ஒவ்வொரு மாணவருக்கும் வழங்குகிறது.

பத்து வினாக்கள் கொண்ட தேர்வில், ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து மாற்று வினாக்கள் இருப்பதாகக் கொள்வோம். அப்போது அமையக்கூடிய வினாத்தாள்கள் 97,65,625. எவரேனும் இருவரை எடுத்துக்கொண்டால், அவர்களுக்குப் பொதுவாக அமையும் வினாக்கள் சராசரியாக இரண்டே. வினாக்களின் வரிசையும் விடைத் தெரிவுகளின் வரிசையும் மாற்றப்படும்போது, ‘மூன்றாம் வினாவுக்கு விடை இ’ என்று சொல்லி உதவுவதில் பொருளே இல்லாமற்போகிறது.

கணக்கு, இயற்பியல் போன்ற பாடங்களில் வினாவை மாற்றாமல் எண்களை மட்டும் மாற்றலாம். ஒரு மாணவருக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் தொடர்வண்டி, மற்றவருக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும். இங்கு நண்பரிடமிருந்து விடையைப் பெற்றுப் பயனில்லை. வழிமுறையைக் கேட்டுத்தான் பெற வேண்டும். வழிமுறையைக் கேட்டறிவது கற்றலே அன்றோ!

தெரியுமா?
உலகெங்கும் கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் ‘மூடில்’ என்னும் மின்கற்றல் மென்பொருள், ஆத்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாசு என்பவரால் உருவாக்கப்பட்டது. இதன் முதற்பதிப்பு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. இது எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள். வினா வங்கி, தற்போக்கு வினாத் தெரிவு, நேர வரம்பு, தேர்வுக்கான கடவுச்சொல் ஆகிய வசதிகள் இதில் உள்ளன.

காலமும் விடை வெளியீடும்

நேர வரம்பு மற்றொரு தடுப்பு முறை. ஒவ்வொரு வினாவுக்கும் விடையைத் தேடிக்கொண்டிருக்க இடமளிக்காத அளவிற்கு நேரத்தை வரையறுக்கலாம். ஆனால், மிகக் குறுகிய நேரம் தீங்கு விளைவிக்கும். சிந்தித்து மெல்ல எழுதுபவர், பார்வைக் குறைபாடு உடையவர், இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் ஊரில் வாழ்பவர் ஆகியோர் இதனால் பாதிக்கப்படுவர். ஆகவே, தேவைப்படுவோருக்குக் கூடுதல் நேரம் வழங்கும் ஏற்பாடும் உடன் இருத்தல் வேண்டும்.

சரியான விடைகளை எப்போது வெளியிடுவது என்பதும் கருதத்தக்கது. எழுதி முடித்த உடனே விடைகளைக் காட்டினால், அவை பிந்தி எழுதுபவரைச் சென்றடையும். இரண்டு கணக்குகளைப் பயன்படுத்தும் முறைகேட்டுக்கும் அதுவே வாயில். தேர்வுக்குரிய காலம் அனைவருக்கும் முடிந்த பின்னர் விடைகளையும் விளக்கங்களையும் வெளியிடுவது நன்று. மதிப்பெண் இல்லாத பயிற்சித் தேர்வுகளில் உடனுக்குடன் விடை காட்டலாம்; அங்கு மறைக்க வேண்டிய தேவையில்லை.

வினாவின் தரம்

‘உவமைத்தொகை என்றால் என்ன?’ என்னும் வினாவுக்கு இணையத்தில் நொடிப்பொழுதில் விடை கிடைக்கும். ‘மலர்விழி என்னும் சொல் உவமைத்தொகையாகவும் அன்மொழித்தொகையாகவும் வருமாறு இரண்டு தொடர்கள் எழுதி, பொருள் எவ்வாறு வேறுபடுகிறது என விளக்குக’ என்னும் வினாவோ, மலர் போன்ற விழிக்கும் அவ்விழியை உடைய பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவரால் மட்டுமே தெளிவாக விடையளிக்கக்கூடியது. நினைவைச் சோதிக்கும் வினாவினும் புரிதலைச் சோதிக்கும் வினாவைப் படியெடுப்பது கடினம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இத்தகைய வினாக்களுக்கும் விடை எழுதித் தருகின்றன. இங்கு உதவுவது மிகப் பழைய முறையான வாய்மொழித் தேர்வே. மாணவர் தாம் எழுதிய விடையைப் பற்றி ஆசிரியரிடம் ஓரிரு நிமிடங்கள் விளக்கினால், அவ்விடை அவருடையதா, ஒட்டப்பட்டதா என்பது விளங்கிவிடும். வேறோர் எடுத்துக்காட்டைக் கூறுமாறு கேட்டாலே போதும்.

கண்காணிப்பின் பயனும் எல்லையும்

உயர்மதிப்புடைய தேர்வுகளில் கண்காணிப்பு மென்பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்ட பாதுகாப்பான தேர்வு உலவி அவற்றுள் ஒன்று. தேர்வு முடியும்வரை கணினியில் வேறு சாளரத்தைத் திறக்க இது இடமளிப்பதில்லை. ஆனால், மேசைக்குக் கீழே இருக்கும் திறன்பேசியை இதனால் பூட்ட இயலாது.

ஒளிப்படக்கருவி வழியே மாணவரின் முகத்தையும் கண்ணசைவையும் பதிவு செய்யும் மென்பொருள்களும் உள்ளன. இவற்றின் முடிவுகளை அப்படியே ஏற்பதில் இடர்ப்பாடு உண்டு. சிந்திக்கும்போது மேலே பார்ப்பது மனித இயல்பு. ஒரே அறை கொண்ட வீட்டில் தங்கை குறுக்கே நடந்து செல்வது குற்றமன்று. முகத்தை ஆராயும் மென்பொருள்கள் எல்லா முகங்களையும் ஒன்றுபோல் அறிவதும் இல்லை. 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆண், பெண் என வகைப்படுத்தும் வணிக மென்பொருள்கள் சோதிக்கப்பட்டன. கருநிறப் பெண்களின் முகங்களில் 34 விழுக்காட்டுக்கு மேல் பிழை செய்த மென்பொருள் அவற்றுள் இருந்தது. வெண்ணிற ஆண்களின் முகங்களில் நேர்ந்த பிழையோ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

மேலும், வீடு என்பது தனிமனித உரிமைக்குரிய இடம். தேர்வுக்கு முன் மாணவரின் அறையை ஒளிப்படக்கருவியால் சுற்றிக் காட்டச் செய்தது அரசமைப்புக்கு முரணானது என, 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்திற்கு எதிரான வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தரங்கத்திற்கான உரிமை அடிப்படை உரிமை என்பதை இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017ஆம் ஆண்டில் உறுதி செய்துள்ளது. எனவே, மென்பொருள் ஐயத்தை எழுப்பலாம். முடிவு செய்ய வேண்டியவர் ஆசிரியரே. மாணவரின் விளக்கத்தைக் கேட்காமல் எம்முடிவும் எடுத்தல் ஆகாது.

மதிப்பெண்ணைப் பகிர்ந்தளித்தல்

ஒரே தேர்வில் எல்லாம் அடங்கிவிடும்போது முறைகேட்டுக்கான தூண்டுதல் மிகுகிறது. அதைக் குறைக்கும் வழியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒருங்கிணைக்கும் என்பிடெல் திட்டத்தில் காணலாம். அதில் வாரந்தோறும் இணையவழி ஒப்படைவுகள் உண்டு. இறுதி மதிப்பெண்ணில் அவற்றின் பங்கு 25 விழுக்காடு. எஞ்சிய 75 விழுக்காடு, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு உரியது. வார ஒப்படைவைப் படியெடுத்தவர் சிறிதளவே பெறுகிறார். தாமே செய்தவரோ இறுதித் தேர்வுக்கு ஆயத்தமாகிவிடுகிறார். கற்பதற்கான தேர்வையும் சான்றளிப்பதற்கான தேர்வையும் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற அளவில் காவல் அமைப்பதே இதன் சிறப்பு.

காவலைக் கடந்து

எவ்வளவு நுட்பமான பூட்டாயினும் அதைத் திறக்க ஒரு வழி கண்டறியப்படும். பின்னர் அதைவிட நுட்பமான பூட்டு வரும். நுண்ணெழுத்து ஆடையிலிருந்து இரட்டைக் கணக்கு வரை நீளும் வரலாறு இதையே காட்டுகிறது. ஆதலால், தேர்வு நடத்துவோர் எவ்வுதவி ஏற்கத்தக்கது, எது ஏற்கத்தகாதது என்பதை முன்னரே தெளிவாகக் கூறுதல் வேண்டும். நூலைப் பார்த்து எழுதலாமா, நண்பருடன் கலந்துரையாடலாமா என்பது தெரியாமல் தவறு செய்வோரும் உளர்.

மாணவர் அறிய வேண்டியதும் ஒன்று உண்டு. மருத்துவராகி நோயாளியின் முன் நிற்கும்போதும், பொறியாளராகிப் பாலத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும்போதும் உதவுவது, பெற்ற மதிப்பெண் அன்று, கற்ற அறிவே. பத்துக்கு ஆறு என்னும் மதிப்பெண், இன்னும் கற்க வேண்டிய நான்கைச் சுட்டிக்காட்டுகிறது. படியெடுத்த பத்து, அந்நான்கையும் மறைத்துவிடுகிறது. தன் நிலையைத் தானே அறிந்துகொள்ளும் வாய்ப்பை இழக்க விரும்பாத மாணவர், எவரும் பாராத அறையிலும் தம் தேர்வைத் தாமே எழுதுவார்.

கற்பவை கற்றபின்…

1. ஒரே பாடக்கருத்தைச் சோதிக்கும் ஐந்து மாற்று வினாக்களைக் குழுவாக இணைந்து உருவாக்குக. அவை ஒத்த கடினத்தன்மை உடையனவா என வகுப்பில் கலந்துரையாடுக.
2. ‘இணையவழித் தேர்வில் ஒளிப்படக்கருவிக் கண்காணிப்பு தேவையே – தேவையில்லை’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. படித்த பாடம் ஒன்றை நூலைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதுக. ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதி, இரண்டையும் ஒப்பிடுக.