மன்னிப்புக்குப் பின்னும் ஒரு பிடி

பாவம் மன்னிக்கப்படுவது ஒன்று. பாவத்தின் ஆளுகையிலிருந்து விடுபடுவது மற்றொன்று. முதலாவது விசுவாசிக்கும் கணத்தில் கிட்டுகிறது, இரண்டாவது வாழ்நாள் முழுவதும் நீள்கிறது என்பது சீர்திருத்தத் திருச்சபைகளின் போதனை. மேடைகளில் முதலாவதுக்குத்தான் மவுசு அதிகம். மனந்திரும்பிய கதைகள் கேட்கச் சுவையானவை. திரும்பிய பின் நடந்தவை அப்படியல்ல.

ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், பாவத்தைத் தனித்தனிக் குற்றங்களாக மட்டும் காணவில்லை. மனிதனை அடிமையாக வைத்திருக்கும் எஜமானாகவே காண்கிறார். அடிமைகள் நிறைந்த ரோமாபுரியில் இந்த உவமைக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. நன்மையை விரும்பியும் தீமையையே செய்துவிடுபவனின் தவிப்பை 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. சுயமுயற்சியால் அறுக்க இயலாத அந்தக் கட்டினைத் தூய ஆவியானவர் அறுக்கிறார் என்கிறது 8-ஆம் அதிகாரம்.

ஆனால், தவிப்பே இல்லாத பாவத்தை என்ன செய்வது?

1725-இல் லண்டனில் பிறந்த ஜான் நியூட்டன், மாலுமிகளே முகம் சுளிக்கும் அளவுக்குத் தெய்வநிந்தனை பேசியவர். 1748 மார்ச்சில், அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கிய கப்பலிலிருந்து இறைவனை நோக்கிக் கதறினார். நிந்தனைப் பேச்சு அவரைவிட்டு அகன்றது. அடிமை வணிகம் அகலவில்லை. சொல்லப்போனால், அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் தலைவரானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். அதே கப்பலின் அடித்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில் கிடந்தனர். அந்தத் தொழில் அவருக்குக் கசந்ததுண்டு, பாவமாகத் தோன்றவில்லை. கடலை விட்டதும் திடீர் நோயினால்தான்.

1764-இல் குருவானவரானார். உலகெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. (புயலடித்த இரவிலேயே பிறந்த பாடல் என்று பலர் எண்ணுகிறார்கள், இடையில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் இருக்கின்றன.) அப்போதும் அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் பொதுவெளியில் வாய்திறக்கவில்லை.

காரணம் எளிது. அத்தொழில் சட்டபூர்வமானது; லாபகரமானது; மதிப்புக்குரியோர் முதலிட்டது. பவுல் காட்டும் மனிதனுக்குத் தான் வெறுப்பது எது என்றாவது தெரியும். ஊரே ஏற்றுக்கொண்ட பாவம் அந்த உறுத்தலையும் பறித்துவிடுகிறது. நம்மூரில் குடியையும் கோபத்தையும் ஜெபத்தில் வைத்துப் போராடுகிறவர்கள், கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் சாதிச் சுவரைக் கண்டு கலங்காமல் கடந்து செல்வதும் இத்தகையதே.

இத்தகைய பிடி தனியறை ஜெபத்தில் மட்டும் தளர்வதாகத் தெரியவில்லை. பிறர் குரல் வேண்டியிருக்கிறது. குவேக்கர்கள் 1783-இலேயே அடிமை வணிகத்துக்கு எதிராக நாடாளுமன்றத்தில் மனு அளித்தார்கள். 1785-இல் இளம் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ், அரசியலைத் துறக்கலாமா என்று ஆலோசனை கேட்டு நியூட்டனிடம் வந்தார். நாடாளுமன்றத்திலேயே இருக்கும்படி நியூட்டன் அறிவுறுத்தினார். புயலுக்கு 40 ஆண்டுகள் கழித்து, 1788-இல், தாம் கண்டதையும் செய்ததையும் நியூட்டன் நூலாக வெளியிட்டார். தமது அறிக்கை காலங்கடந்து வருகிறது என்பதை அதிலேயே ஒப்புக்கொண்டார். பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார்.

1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், பார்வை மங்கிய முதியவராக, நியூட்டன் காலமானார்.