தாயில்லா ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் பிள்ளைகள் தாத்தா வீட்டில் மாடு, கன்று, கோழி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்டுக்குட்டியிடம்தான் முதலில் ஓடுகிறார்கள். அதிலும் தாயில்லாக் குட்டி ஒன்றும் கையில் ஒரு பால்புட்டியும் கிடைத்துவிட்டால் சாப்பாட்டு நினைப்பே வராது. பார்ப்பதற்கு விளையாட்டுப் போலிருக்கும் இந்த வேலையில் ஓர் உயிரின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. ஆடு வளர்க்கும் ஏழை வீட்டில் ஒரு குட்டி என்பது பிள்ளையின் பள்ளிச் செலவு. ஆகவே இதைப்பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டு. காணிப்பாக்கம் விநாயகர் கோயிலுக்குச் சென்ற அன்பர்கள் அந்தப் பக்கத்தை அறிந்திருப்பீர்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் மண். அங்கே காணும் நெல்லூர் இனச் செம்மறிக்குக் கால்கள் நெடியவை. உடலில் கம்பளி இராது. புதிதாகப் பார்ப்பவர்கள் வெள்ளாடு என்றே நினைப்பார்கள்.

ஈன்றதும் தாய் இறந்துபோகலாம்; மடிநோய் கண்டு பால் வற்றலாம்; இரட்டைக் குட்டிகளில் ஒன்றைத் தாயே முட்டித் தள்ளலாம். அப்போது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உடனே புட்டியைத் தேடமாட்டார்கள். பால் உள்ள வேறோர் ஆட்டிடம் குட்டியைப் பிடித்து ஊட்டவிட்டுப் பார்ப்பார்கள். அது ஏற்காவிட்டால்தான் புட்டி.

முதலில் கொடுக்க வேண்டியது சீம்பால். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி தாயின் வயிற்றிலேயே வந்துவிடுகிறது. செம்மறியில் அப்படி இல்லை. எல்லாம் சீம்பால் வழியாகத்தான் வரவேண்டும். அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் இருக்கும். அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லியும், முதல் நாள் முழுவதிலும் சேர்த்துச் சுமார் 600 மில்லியும் சேரவேண்டும். தாயிடம் கிடைக்காவிட்டால் அன்று ஈன்ற வேறோர் ஆட்டின் சீம்பாலோ, பசுவின் சீம்பாலோ உதவும்.

அதைக் காய்ச்சக் கூடாது. எங்கள் பக்கம் சீம்பாலில் வெல்லம் போட்டு வேகவைத்து 'ஜுன்னு' செய்வார்கள். நன்றாகத் திரண்டு கட்டியாகிவிடும். நமக்கு அது தின்பண்டம். குட்டிக்கோ, சூட்டில் அந்த எதிர்ப்புச் சக்தி அழிந்துவிடும். பாத்திரத்தை வெந்நீரில் வைத்து, உடல்சூட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

பால் கொடுக்குமுன் குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். வாய் சூடாக இருந்து, விரலைச் சப்பினால் கொடுக்கலாம். சில்லிட்டுச் சோர்ந்திருந்தால் துடைத்து, சாக்குப் போர்த்தி, சூடேற்றி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சப்பாத குட்டிக்குப் பாலாடையால் ஊற்றினால் புரையேறி, பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

நம் பிள்ளைகள் குட்டியை மடியில் மல்லாத்திக் குழந்தைக்குப் போலப் புகட்டப் பார்ப்பார்கள். அதை அனுமதிக்காதீர்கள். குட்டி நாலு காலில் நிற்கவேண்டும். தாய்மடியில் குடிப்பதுபோலத் தலை சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சப்பிக் குடிக்கும்போது உள்ளே ஒரு மடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காவது இரைப்பைக்கு அனுப்புகிறது. அங்கேதான் பால் தயிர்போல் உறைந்து செரிக்கும். முதல் இரைப்பையில் விழுந்தால் புளித்து, வயிறு உப்பும்.

சீம்பாலுக்குப் பின் ஆட்டுப்பாலோ பசும்பாலோ கொடுக்கலாம். பாலில் தண்ணீர் கலக்க வேண்டாம். செம்மறிப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம் வரை இருக்கும். பசும்பாலில் 4 சதவீதம் அளவுதான். அதையும் நீர்த்துவிட்டால் குட்டி எப்படித் தேறும்? 3 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி போதும். அதை ஐந்து வேளையாகப் பிரித்து, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். எடை கூடக் கூட அளவைக் கூட்டி, வேளையைக் குறைக்கலாம். கத்துகிறதே என்று ஆளுக்கு ஒரு புட்டி கொடுத்தால் கழிச்சல் வரும். துள்ளுமாரி நோய்க்கும் அது வழிவகுக்கும். எனவே வீட்டில் ஒருவர் பொறுப்பில் கணக்கு இருக்கட்டும். புட்டியையும் நிப்பிளையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவ வேண்டும்; பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து இளம்புல், கடலைக்கொடி, நல்ல தண்ணீர் ஆகியவற்றை எதிரே வையுங்கள். கொறித்துப் பழகினால்தான் அசைபோடும் வயிறு வளரும். மூன்று மாதத்துக்குள் பாலைச் சிறுகச் சிறுக நிறுத்திவிடலாம். அதற்குள் மற்ற குட்டிகளோடு பழகவிடுவதும் அவசியம். மனிதரையே சுற்றி வளர்ந்த குட்டி மந்தையில் சேரத் தயங்கும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளையின் கையில் புட்டியைக் கொடுக்குமுன் இவற்றை அவனுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாம் விமானம் ஏறிய பிறகும் அந்தக் குட்டி ஊரில் வளரவேண்டுமல்லவா?